ஊஞ்சல் சட்டத்துக்கு கோச் ஸ்க்ரூ: என்ன சைஸ், எவ்வளவு நீளம், எங்கே போடக் கூடாது?

நெய்தல்நிலம்:
எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் வீடு. தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்தபோது ஒரு வேங்கை உத்திரம் கிடைத்தது. ஐந்துக்கு ஆறு அங்குலம், ஒன்பது அடி நீளம், ஒரு புழு அரிப்பு கூட இல்லை. அதை வைத்து வீட்டுப் பக்கவாட்டில் ஊஞ்சல் சட்டம் ஒன்று போட ஆசை. பழைய மரக்கடையில் நாலுக்கு நாலு தேக்குத் தூண் இரண்டு வாங்கி, அடியைப் பிடிக்கும் இரும்பு ஷூவில் நிறுத்தியாகிவிட்டது. ஒரு தூண் சுவரை ஒட்டி நிற்கிறது, பின்னால் கை போகாது. தூண்களுக்கு முன்னும் பின்னும் இரண்டு அங்குலக் கனத்தில் முட்டுக்கால் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ஹார்டுவேர் கடையில் கேட்டதற்கு 10 எம்எம் கனம், 75 எம்எம் நீளத்தில் கோச் ஸ்க்ரூ (ஸ்பானரால் முறுக்கி மரத்தில் ஏற்றும் கனத்த திருகாணி) கொடுத்தார்கள். ஊஞ்சல் மாட்டவும் அதே மாதிரி மரை உள்ள, தலையில் வளையம் வைத்த திருகாணி இரண்டு. பலகையும் சங்கிலியும் சேர்ந்து 50 கிலோ இருக்கும். மூன்று பேர் உட்காருவார்கள், பிள்ளைகள் ஏறினால் வேகமாக ஆட்டுவார்கள். இது தாங்குமா? இன்னும் கனமாக 12, 16 என்று போகலாமா?

உளிச்சத்தம்:
தம்பி, கனத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் நீளத்தைப் பாருங்கள். முட்டுக்கால் 50 எம்எம் கனம். 75 எம்எம் ஸ்க்ரூ அதைத் தாண்டித் தூணுக்குள் போவது 25 எம்எம் கூட இல்லை. அதிலும் கூர் முனை ஒன்றும் பிடிக்காது. அந்த ஸ்க்ரூவைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு: பிடிக்க வேண்டிய மரத்துக்குள் ஸ்க்ரூ கனத்தைப்போல் எட்டு மடங்கு போக வேண்டும். 10 எம்எம் என்றால் 80. இந்தப் பக்கப் பலகைக்கு 50, வாஷருக்கு 3, கூர் முனைக்கு ஒரு 7. மொத்தம் 140 எம்எம் நீளம் கேளுங்கள். நாலு அங்குலத் தூணை அது துளைத்து வெளியே வராது, உள்ளேயே நிற்கும்.

அட்லாண்டிக்கரை:
நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே இதை லேக் ஸ்க்ரூ என்பார்கள். வீட்டை ஒட்டிய மர டெக்குகள், அதாவது திறந்த மர மேடைகள், பெரும்பாலும் இதையோ போல்ட்டையோ நம்பித்தான் நிற்கின்றன. அண்ணன் சொன்ன எட்டு மடங்கு அப்படியே அமெரிக்க மரக் கட்டுமான விதியிலும் இருக்கிறது. பக்கவாட்டுச் சுமைக்கு முழுப் பலம் வேண்டுமானால் கூர் முனையைக் கழித்து எட்டு மடங்கு, எப்படியும் நாலு மடங்குக்குக் குறையக் கூடாது. பட்டறைப் பழக்கமும் புத்தக விதியும் ஒரே எண்ணில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் டெக்கின் ஜாயிஸ்ட் (தரைப் பலகையைத் தாங்கும் சட்டம்) நீளம் 12 அடி. அரை அங்குல லேக் ஸ்க்ரூவை 15 அங்குலத்துக்கு ஒன்றாகப் போட வேண்டும் என்று இங்குள்ள வீட்டுக் கட்டுமான விதி சொன்னது. இடைவெளி எவ்வளவு என்று அட்டவணை பார்த்துப் போடுவார்களே தவிர, பெரிய ஸ்க்ரூவாக நாலு போட்டால் போதும் என்று யாரும் விடமாட்டார்கள்.

சுமைதாங்கி:
கட்டுமானப் பொறியாளராக என் பங்குக்குக் கொஞ்சம் கணக்கு. பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் கேள்வியே வேறு இடத்துக்கு நகரப் போகிறது.

பலகை 50 கிலோ, மூன்று பேர் 200 கிலோ. மொத்தம் 250. ஊஞ்சல் சும்மா தொங்கும்போது சங்கிலியில் அந்த 250தான். நேர்க்கோட்டிலிருந்து 30 பாகை வரை ஆடினால், கீழே வரும் கணத்தில் இழுவை ஒன்றே கால் மடங்கு ஆகும். 60 பாகை வரை பிள்ளைகள் ஆட்டினால் சரியாக இரண்டு மடங்கு, அதாவது 500 கிலோ. இரண்டு வளையம் என்பதால் ஒன்றுக்கு 250. எல்லோரும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டால் ஒரு வளையத்துக்கு 400 வரை வரலாம்.

இப்போது ஸ்க்ரூ. வேங்கை மாதிரிக் கெட்டி மரத்தில், சரியாகத் துளைத்துப் போட்ட 10 எம்எம் கோச் ஸ்க்ரூவை நேராக வெளியே இழுத்தால், ஒரு எம்எம் மரைக்கு 7 கிலோ வரை பாதுகாப்பாக ஏற்றலாம். அமெரிக்க விதியின் சூத்திரத்தில் மரத்தின் ஒப்படர்த்தியை 0.6 என்று வைத்தால் இந்த எண் வரும். பிடுங்கிக்கொண்டு வரும் சுமையில் நாலரையில் ஒரு பங்கைத்தான் அந்தச் சூத்திரம் அனுமதிக்கிறது. 60 எம்எம் மரை உள்ளே இருந்தால் 420 கிலோ. ஆகக் காகிதத்தில் தாங்கும்.

ஆனாலும் உத்திரத்தின் அடியில் அந்த வளையத் திருகாணியைப் போடாதீர்கள். காரணம், ஊஞ்சல் நேராக மட்டும் இழுப்பதில்லை. 60 பாகை ஆட்டத்தில் பக்கவாட்டு இழுவை மட்டும் எடையில் ஐந்தில் நாலு பங்கு வரும். இங்கே 200 கிலோ. அது ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால். வளையத்தின் கழுத்து ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து, வாய்ப்பகுதியில் மரத்தை நசுக்கிக்கொண்டே இருக்கும். என் சூத்திரத்தில் அந்த அசைவுக்கு இடம் இல்லை. மரை தளர்ந்தாலும் வெளியே தெரியாது.

மல்லிகைப்பந்தல்:
அவர் சொல்வது எங்கள் வீட்டில் நடந்தது. உத்திரத்தின் அடியில் திருகிய வளையம். ஆறு வருடம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் என் அக்கா மகள் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் கழன்று விழுந்தது. முழங்கை எலும்பு முறிந்தது, வயது ஏழு. கீழே வந்த திருகாணியைப் பார்த்தோம். மரை எல்லாம் புதிது போல இருந்தது, மரைக்கு நடுவில் மரத்தூள் மாவாக அடைந்திருந்தது. மரம்தான் உள்ளே அரைபட்டுப் போயிருந்தது. அதற்கு முன்பு மாதக் கணக்கில் ஒரு கிறீச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சங்கிலிச் சத்தம் என்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தோம்.

தயவுசெய்து போல்ட் போடுங்கள்.

உளிச்சத்தம்:
குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாளா அம்மா? கேட்கவே மனம் பதறுகிறது.

நான் வேலை செய்த பழைய வீடுகளில் ஊஞ்சல் கொக்கித் தண்டு உத்திரத்தை முழுக்கத் துளைத்துக்கொண்டு மேலே போய், அங்கே ஒரு கனத்த பட்டைத் தகட்டின் மேல் நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் உத்திரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை வளைத்திருப்பார்கள். இரண்டிலும் சுமை உத்திரத்தின் முதுகில் உட்காருகிறது. அடியிலிருந்து மரையை நம்பித் தொங்க விட்டதை நான் பழைய வேலையில் பார்த்ததே இல்லை.

நெய்தல்நிலம் தம்பி, 12 எம்எம் தண்டு உள்ள வளைய போல்ட், மேலே இரண்டு அங்குலச் சதுரத்தில் 6 எம்எம் தகடு, இரட்டை நட்டு. அடியிலும் வளையத்துக்கு மேல் ஒரு வாஷர், அதை உத்திரத்தோடு இறுக்கிவிட வேண்டும். ஆட்டம் சங்கிலிக்கும் வளையத்துக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும், தண்டு அசையவே கூடாது.

மல்லிகைப்பந்தல்:
நன்றாக இருக்கிறாள் ஐயா. கை முழுசாக நீட்ட வரும். கேட்டதற்கு நன்றி.

நெய்தல்நிலம்:
நல்லவேளை கேட்டேன். வளையத்துக்கு போல்ட்டே போடுகிறேன். அப்படியானால் கோச் ஸ்க்ரூவே வேண்டாமா? எல்லா இடத்திலும் போல்ட் போட்டுவிடட்டுமா?

சுமைதாங்கி:
போட முடிந்த இடத்தில் போல்ட். சுவரை ஒட்டிய தூணில் நட்டு மாட்ட வழி இல்லை என்று சொன்னீர்களே, அங்கேதான் கோச் ஸ்க்ரூ வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்ட முடிகிற இடம், சுமை ஸ்க்ரூவுக்குக் குறுக்காக வருகிற இடம். இரண்டும் சேர்ந்தால் அதைவிட நல்ல பொருள் கிடையாது.

அந்த 200 கிலோ பக்கவாட்டு விசை வளையத்தோடு நிற்பதில்லை, உத்திரம் வழியாகத் தூண்களுக்கு வருகிறது. ஒரு தூணுக்கு 100. எட்டடி உயரத்தில் 100 கிலோ தள்ளினால் வெறும் தூண் இரும்பு ஷூவில் நிற்காது. ஆகவே முட்டுக்காலை அழகுக்காக என்று நினைத்துச் சின்னதாகப் போடாதீர்கள், ஊஞ்சலைத் தாங்குவதே அதுதான். முட்டுக்காலின் கீழ்முனையைத் தூணிலிருந்து இரண்டே முக்கால் அடி தள்ளி ஊன்றினால், ஒரு முட்டுக்காலில் ஏறத்தாழ 160 கிலோ வரும். ஒரு நேரம் அமுக்கும், மறு நேரம் இழுக்கும். அடியிலும் நன்றாகப் பிணைத்திருக்க வேண்டும், சும்மா தரையில் வைத்தால் இழுக்கும்போது தூக்கும்.

உளிச்சத்தம்:
அதற்குத்தான் காடி. தூணில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி முட்டுக்காலின் தலையை அதில் உட்கார வையுங்கள். அமுக்குகிற விசையை மரமே மரத்தில் வாங்கிக்கொள்ளும். இழுக்கும்போது பிடிப்பது மட்டும் ஸ்க்ரூவின் வேலை. வெறுமனே பக்கத்தில் ஒட்டி வைத்து ஸ்க்ரூ அடித்தால் இரண்டையும் அதுவே செய்ய வேண்டும், துளை நீள்வட்டமாகிவிடும்.

காடிக்குள் அரை அங்குலம் உட்கார்ந்த பிறகு, 140 போட்டால் முனை தூணின் பின்பக்கத்தைத் தொடும் அளவுக்குப் போய்விடும். 130 போதும். கடையில் ஸ்க்ரூ வாங்குவதற்கு முன் கையில் அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரும்புக்கடை:
நான் கடைக்காரன். எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது கனம், அப்புறம் விலை. மேலே என்ன பூச்சு என்று கேட்பவர்கள் நூற்றில் ஒருவர். கடலோரத்தில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பளபளவென்று வெள்ளையாக, மஞ்சளாக இருப்பது மின்முலாம். துத்தநாகம் 5 முதல் 10 மைக்ரான்தான் இருக்கும். வீட்டுக்குள் அலமாரிக்குச் சரி. வெளியில், உப்புக்காற்றில், ஒரு மழைக்காலம் கூடத் தாண்டாமல் துரு தெரியும். மங்கலான சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. அதில் 45, 50 மைக்ரான் இருக்கும். பார்க்க அழகில்லை என்று வேண்டாம் என்பார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதுதான் நிம்மதி.

ஒன்றரை கிலோமீட்டரில் கடல் என்றால் துருப்பிடிக்காத எஃகுக்கே போய்விடுங்கள், அதிலும் 316 என்ற ரகம். அதில் மாலிப்டினம் கலந்திருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். 304 ரகம் போட்டால் கடலோரத்தில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு படியும். காந்தம் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 202, 304, 316 மூன்றுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாது, ஆகவே அது உதவாது. தலையில் ஏ4 என்று அச்சு இருக்கிறதா என்று பாருங்கள், அது 316 வகை. ஏ2 என்றால் 304.

அட்லாண்டிக்கரை:
இதற்கு இங்கே ஒரு அனுபவம் உண்டு. 2003 முடிவு வரை வீட்டு மரங்களுக்கு ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள். அதை நிறுத்திவிட்டுச் செம்பு அதிகமுள்ள மருந்துக்கு மாறினார்கள். ஈர மரத்தில் இருக்கும் செம்பு மெல்லிய துத்தநாகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் இங்கே மருந்து ஏற்றிய மரத்துக்கு முக்கியெடுத்த துத்தநாகம் அல்லது துருப்பிடிக்காத எஃகு, வேறு பேச்சில்லை. உங்கள் தேக்குக்கும் வேங்கைக்கும் அந்த மருந்து தேவைப்படாது என்பது பெரிய வரம்.

உளிச்சத்தம்:
வேங்கையில் வேறு விஷயம் இருக்கிறது. அதில் துவர்ப்பு அதிகம். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்பு மை செய்தார்கள் அல்லவா? துவர்ப்பும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுப்பு. அதே மை உங்கள் உத்திரத்தில் இரும்புத் துளையைச் சுற்றி ஒழுகும். முதல் மழையிலேயே கறுப்புக் கோடு இறங்கும், உள்ளே இரும்பும் அரித்துக்கொண்டிருக்கும். உத்திரத்தில் போடும் போல்ட்டாவது கட்டாயம் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

பனங்காடு:
நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் கொட்டகைக்குப் பனங்கை போட்டிருக்கிறோம். அதில் கோச் ஸ்க்ரூ நிற்குமா?

உளிச்சத்தம்:
பனையில் வைரம் எல்லாம் வெளிச்சுற்றில்தான். உள்ளே சோறு, அதில் மரை பிடிக்காது. கறுத்த நார்ப் பக்கத்தில் முழுக்கத் துளைத்து போல்ட் போடுங்கள், இரண்டு பக்கமும் அகலமான வாஷர். சின்னச் சுமை என்றால் கம்பி கட்டுவதே போதும், பனைக்கு அது பழக்கப்பட்ட கட்டு.

நெய்தல்நிலம்:
316-இல் 10க்கு 130 சொல்லிவைத்திருக்கிறேன், வர ஒரு வாரம் ஆகும். இப்போது துளை பற்றிச் சொல்லுங்கள். ஒரு நண்பர், மரத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு இம்பாக்ட் ட்ரைவர் (தட்டித் தட்டி முறுக்கும் மின்கருவி) வைத்து ஏற்றினால் இறுக்கமாகப் பிடிக்கும் என்கிறார்.

சுமைதாங்கி:
நண்பர் சொல்வது பைன் மரத்துக்கு ஓரளவு சரி. தேக்கில் அப்படிச் செய்தால் ஒன்று மரம் பிளக்கும், இல்லை ஸ்க்ரூவின் கழுத்து முறியும். துருப்பிடிக்காத எஃகு இன்னும் சீக்கிரம் முறியும்.

ஒரே ஸ்க்ரூவுக்கு இரண்டு அளவில் துளை வேண்டும். தலைக்குக் கீழே மரை இல்லாத வழவழப்பான பகுதிக்கு அதே கனத்தில், 10 எம்எம். அதன் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆழம் மட்டும். மரை போகும் பகுதிக்குச் சிறிய துளை. பைன் மாதிரி மென்மரத்தில் 4 முதல் 7 எம்எம். தேக்கில் 6 முதல் 7.5. சால், வேங்கை மாதிரிக் கெட்டி மரத்தில் 6.5 முதல் 8.5. உங்கள் தேக்குத் தூணுக்கு 7 எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மரத்தின் முனையிலிருந்து 70 எம்எம் தள்ளி முதல் துளை. இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் குறைந்தது 40. இரண்டும் ஒரே நாரின் மேல் வராதபடி கொஞ்சம் விலக்கிப் போடுங்கள். ஒரே கோட்டில் வந்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும்.

இன்னொன்று. உத்திரத்தைத் தூணின் தலையில் வைத்து மேலிருந்து ஸ்க்ரூ இறக்கும் எண்ணம் இருந்தால், அது தூணின் வெட்டுமுகத்தில் நார் ஓடும் திசையிலேயே போகும். பிடுங்கும் பலம் முக்கால் பங்காகவும் பக்கவாட்டுப் பலம் மூன்றில் இரண்டு பங்காகவும் குறையும். அங்கே இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை வைத்து உத்திரத்தையும் தூணையும் சேர்த்துப் பிணையுங்கள்.

உளிச்சத்தம்:
துளையின் ஆழம் தெரிய ட்ரில் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் 7 எம்எம் துளையை முழு ஆழத்துக்கும் போட்டுவிட்டு, அப்புறம் மேல்பகுதியை மட்டும் 10 எம்எம்மால் அகலப்படுத்துங்கள். மாற்றிச் செய்தால் சின்னத் துளை மையம் விலகும்.

துருப்பிடிக்காத ஸ்க்ரூவுக்கு ஒரு வழி சொல்கிறேன், என் அப்பா பித்தளை ஸ்க்ரூவுக்குச் செய்தது. அதே 10க்கு 130-இல் சாதா இரும்பு ஸ்க்ரூ ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு துளையிலும் முதலில் அதை முழுக்க ஏற்றி, கழற்றிவிடுங்கள். மரத்தில் மரை வெட்டிக்கொள்ளும். பிறகு நல்ல ஸ்க்ரூவை ஏற்றினால் முறுக்கே தெரியாமல் போகும். சோப்பைத் தடவிக்கொள்ளுங்கள்.

இரும்புக்கடை:
அண்ணே, சோப்பு வேண்டாம் என்பேன். சோப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் அது துளைக்குள்ளேயே தங்கிவிடும். மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

உளிச்சத்தம்:
முப்பது வருடமாகச் சோப்புதான் தேய்க்கிறேன், உள்நாட்டில் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் உப்புக்காற்றுக்கு நீங்கள் சொல்வது சரியாகப் படுகிறது. மெழுகே நல்லது.

சுமைதாங்கி:
கடைசி இறுக்கத்தைக் கையால் செய்யுங்கள், 17 நம்பர் ஸ்பானர். வாஷர் மரத்தில் லேசாகப் பதிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் அரைச் சுற்று ஆசைப்பட்டால் உள்ளே மரத்தின் மரை அறுந்துபோகும். அறுந்தால் கைக்குத் தெரியும், திடீரென்று இலேசாகச் சுற்றும். அப்படி ஆனால் அந்தத் துளையை விட்டுவிட்டுத் தள்ளி வேறு துளை போடுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றவே கூடாது.

நெய்தல்நிலம்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது. எல்லோரும் சொன்னபடியே செய்தோம்.

உத்திரத்தில் 12 எம்எம் வளைய போல்ட் இரண்டு, மேலே தகடும் இரட்டை நட்டும். வெளித்தூணின் முட்டுக்கால்களுக்கு போல்ட். சுவர்ப் பக்கத் தூணில் காடி வெட்டி, காலுக்கு இரண்டாக நாலு கோச் ஸ்க்ரூ. முதலில் இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்க வேண்டும் என்றதும் ஆசாரி 'எதற்கு இரட்டை வேலை' என்று கேட்டார். நான் எடுத்துச் சொன்ன பிறகும் ஒரு துளையில் நேராகத் துருப்பிடிக்காததையே ஏற்றினார். முக்கால் தூரத்தில் அது கிறீச்சிட ஆரம்பித்தது. அவரே நிறுத்தி, கழற்றி, இரும்பை ஏற்றிவிட்டு மறுபடி போட்டார். மற்ற மூன்றும் கை விரலுக்குக் கட்டுப்பட்டு உள்ளே போயின.

இரண்டு சந்தேகம். தகட்டுத் துளை வழியாக உத்திரத்துக்குள் மழைநீர் இறங்குமா? இறுக்கியதை மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

உளிச்சத்தம்:
இறங்கும். உத்திரத்தின் முதுகு முழுக்க ஈயத் தகடோ அலுமினியத் தகடோ வளைத்து மூடிவிடுங்கள், இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் தொங்கட்டும். நட்டைப் பார்க்கத் தகடு கழற்ற வரும்படி இருக்க வேண்டும்.

உங்கள் உத்திரம் பல பத்தாண்டு காய்ந்த மரம், அதிகம் சுருங்காது. தூண் எப்போது அறுத்தது என்று தெரியாது. ஐப்பசி மழை முடிந்து தை மாதம் ஒரு தடவை, கோடை முடிந்து ஒரு தடவை போல்ட் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். கோச் ஸ்க்ரூவை வீணாகத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள், தலையைக் கையால் அசைத்துப் பார்த்தால் போதும். அசைந்தால் அதைக் கழற்றி, 12 எம்எம் ஸ்க்ரூவுக்குத் துளையை மாற்றிப் போட வேண்டியதுதான்.

மல்லிகைப்பந்தல்:
புதிதாக ஏதாவது சத்தம் வந்தால் எண்ணெய் விடுவதற்கு முன் மேலே ஏறிப் பாருங்கள்.

நெய்தல்நிலம்:
கட்டாயம் அம்மா. ஏணியைச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.